வெள்ளித் தண்ணீர்

நண்பா,

எண் போடாமல் எனக்கு எதையும் எழுத வராது. "நம்பர் போட்டாத்தான்டா உனக்குச் சோறே எறங்கும்" என்று நீ கேலி செய்வாய். செய்துகொள். முதலில் குறிப்புகள்:

1. ஜன்னலில் இருக்கும் உன் பாட்டில்.
2. மிகச் சிறியவற்றைப் பற்றி நீ பாடம் நடத்திய விதம்.
3. காலையில் நீ குடித்தது.
4. பள்ளித் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் நான் சொன்னேன், நீ கேட்டாய்.
5. நாளை உன் வகுப்பை நான் எடுக்கப் போவது.

இன்று காலை ஜன்னலைத் திறந்தபோது உன் பாட்டில் நிறம் மாறியிருந்தது. நீ கொடுத்த நாளில் அதற்குள் இருந்த திரவம் தேன் நிறம். அதை ஜன்னல் விளிம்பில்தான் வைத்திருந்தேன், வெயில் நேராக விழாத பக்கம். நேற்றுவரை தேன் நிறமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். நேற்று நான் பார்த்தேனா என்பது உறுதியில்லை. இன்று அது சாம்பல். அடியில் விளக்குக் கரி போல ஒரு படிவு.

காரணம் எனக்குத் தெரியும். வெள்ளித் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்வரைதான் அந்த நிறம். அவற்றைச் சுற்றியிருந்த இலைச்சாற்றுப் போர்வை கெட்டுவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டும், பருக்கும், கனம் தாங்காமல் இறங்கும். ஒட்டியபின் குலுக்கிப் பிரிக்க முடியாது. இதை நாற்பது வருடம் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தவன் நான். இருந்தும் பாட்டிலை எடுத்துக் குலுக்கினேன். கரி சுழன்றது, பழைய நிறம் வரவில்லை. திரும்ப வைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளறைக்கு வந்து இதை எழுதுகிறேன். மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கும் மாதம். ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. போய்ச் சாத்தலாம். போகவில்லை.

இரண்டாவதற்கு வருகிறேன்.

மதுரையில் ஒரே விடுதி அறையில் படித்தோம். படித்து முடித்ததும் நான் கல்லூரிக்குக் கற்பிக்கப் போனேன், நீ பள்ளிக்கூடத்துக்குப் போனாய். ஓய்வு பெற்ற பிறகு நான் தேனியில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டேன். நீயோ உத்தமபாளையத்துக்கு அப்பால் ஒரு கிராமப் பள்ளியின் தலைமை ஆசிரியையிடம் போய், வெள்ளிக்கிழமை பிற்பகல்தோறும் ஒன்பதாம் வகுப்பைக் கேட்டு வாங்கினாய். என்னையும் வரச் சொன்னாய். எனக்குக் கடைசி பெஞ்சு.

நீ பாடத்தை நானோமீட்டரில் தொடங்கவில்லை. போடி ஏலக்காய் ஒன்றில் தொடங்கினாய்.

"மோந்து பாருங்க. மணக்குதா?"

"லேசா மணக்குது சார்."

அதையே சின்ன உரலில் போட்டு இடித்தாய். கடைசி பெஞ்சில் என் மூக்குவரை வந்தது.

"ஏலே, நான் புதுசா எதையாச்சும் போட்டேனா?"

"இல்ல சார்."

"அப்ப இம்புட்டு மணம் எங்கன இருந்துச்சு?"

ஒல்லியான ஒரு பெண் எழுந்தாள். "உள்ளதான் சார் இருந்துச்சு. வெளிய வர வாசல் இல்ல."

அந்தப் பதில் உனக்குப் பிடித்துப் போனது. வாசல்தான் மேல்பரப்பு என்றாய். ஒரு கல்கண்டை இரண்டாக, நான்காக, எட்டாக உடைத்து, "வெட்ட வெட்ட என்ன கூடுது?" என்று கேட்டாய். "வேல கூடுது சார்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது, நீயும் சிரித்தாய். அப்படியே உடைத்துக்கொண்டே போனால், ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும் அளவுக்கு உடைத்தால் என்ன ஆகும் என்று அவர்களை ஒரு படி கீழே இறக்கினாய். அங்கே தங்கம் மஞ்சளாக இருக்காது, மாதுளைச் சாறு போலச் சிவக்கும் என்றாய். வெள்ளி மஞ்சளாகும் என்றாய். பிறகு கரும்பலகையில் ஒரே வரி எழுதினாய்: 'சிறியது என்றால் குறைந்தது அல்ல, வேறானது.'

வகுப்பு முடிந்ததும் நான் உன்னைத் திருத்தினேன். ஏலக்காய் மணப்பதற்கு மேல்பரப்பு மட்டும் காரணமில்லை, எண்ணெய் இருக்கும் அறைகள் உடைவதும் காரணம், அதைச் சொல்லாமல் விட்டது முறையல்ல என்றேன்.

"புள்ளைக மொதல்ல வாசலுக்கு வரட்டும்டா. அப்பறம் நீ வீட்டச் சுத்திக் காமி" என்றாய்.

அடுத்த வாரம் வெள்ளியைச் செய்து காட்டினாய். பள்ளிச் சுவரை ஒட்டியிருந்த திராட்சைப் பந்தலிலிருந்து இலை பறித்து, கழுவி, கொதிக்க வைத்து, வடிகட்டினாய். அந்தச் சாற்றை வெள்ளி உப்புக் கரைசலில் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து மேலே ஒரு மஞ்சள் ஏறியது. வைக்கோல் நிறம், தேன் நிறம், கடைசியில் கட்டன் சாயா, பால் விடாத டீயின் நிறம். டார்ச் அடித்ததும் திரவத்துக்குள் ஒளி ஒரு கோடாக நின்றது. கண்ணுக்குத் தெரியாதவை கூட்டமாக அங்கே இருக்கின்றன என்பதற்கு அதுதான் சாட்சி என்றாய்.

"சார், குடிக்கலாமா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"நான் குடிக்கிறேனே" என்றாய்.

நான் அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது. உன் வீட்டுக்கு வந்த ஒரு காலையில் நீ அந்தப் பாட்டிலைத் திறந்து, மூடியில் ஊற்றி, தண்ணீரில் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாய். மாத்திரை போடுகிறவனின் முகம் இல்லை அது, தீர்த்தம் வாங்குகிறவனின் முகம். "ஒரு கிருமி கிட்ட வராதுடா" என்றாய். எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது கெடக்கு" என்றாய்.

பிறகு உத்தமபாளையம் பேருந்து நிலையத்து டீக்கடையில் நீ டம்ளரை நீட்டியபோது உன் நகங்களைப் பார்த்தேன். வெண்மையாக இருக்க வேண்டிய அடிப்பிறை சிலேட்டு நிறத்தில் இருந்தது. பத்து விரலிலும். நம்மைப் போன்ற கறுப்புத் தோலில் முகம் சட்டென்று காட்டிக்கொடுக்காது. நகம்தான் முதலில் சொல்லும். நான் பார்ப்பதை நீ பார்த்துவிட்டாய்.

"என்னடா அப்பிடிப் பாக்குற? எவர்சில்வர் ஆயிட்டேன். இனிமே துருப்புடிக்காது."

டீ மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். புகைப்படத் தாளை வெயிலில் வைத்தால் அதிலுள்ள எந்த வெள்ளி கறுக்கிறதோ அதுதான் உன் தோலுக்குள் கறுத்துக்கொண்டிருக்கிறது, கறுத்தது திரும்பாது என்று நான் படித்திருந்தேன். வாயில் வந்ததோ, "வெயில்ல அலையாத" என்பது மட்டும்தான். நீ கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாய்.

நான்காவது. இதை எழுதும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஊரில் வாந்திபேதி வந்தது. பள்ளிக்கூடத்திலும் வந்தது. இரண்டு பிள்ளைகளைத் தேனிக்குப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, 'வெளிய வர வாசல் இல்ல' என்று சொன்ன பெண். திரும்பி வந்தபோது அவள் சீருடைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. பள்ளி மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வாடை பிடிக்காமல் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் விட்டார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தார்கள்.

வகுப்பு முடிந்து நடந்து வரும்போது நீ சொன்னாய்: "வாரத்துக்கு ஒரு பாட்டில் போதும்டா. வாடையும் இல்ல, ருசியும் இல்ல. புள்ளைக தண்ணி குடிக்கும்."

நான் நின்றுவிட்டேன். பாதையில் மழைச் சேறு இன்னும் காயவில்லை.

"அது வேண்டாம்."

"ஏன்? நீதான் புத்தகம் படிப்பியே. கிருமியக் கொல்லுமா கொல்லாதா?"

"கொல்லும்."

"அப்பறம் என்ன? நம்ம ஊர்ல வெள்ளிக் காசப் போட்டுக் குடத்துல தண்ணி வச்சாக. செத்தா போயிட்டாக?"

சொன்னேன். "காசு வேற, இது வேற. நீயேதான் போர்டுல எழுதுன, சிறியது என்றால் வேறானதுன்னு. காசு குடத்தோட அடியில கெடக்கும். இது எங்க போகும், எங்க தங்கும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் நகத்தைப் பாரு. நீ பெரியவன், உன் ஒடம்பு, உன் இஷ்டம். அதுக வளர்ற பிள்ளைக."

ஷேர் ஆட்டோ வந்து, ஏறி, பாதி வழி போன பிறகு, வெளியே பார்த்தபடியே, "சரிடா. ஊத்தல. போதுமா?" என்றாய்.

என் வாழ்க்கையில் நான் யாரையும் எதிலிருந்தும் தடுத்ததில்லை. துறைத் தலைவர்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவன். என் மகன் படிப்பைப் பாதியில் விட்டபோது, "யோசிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னவன். அன்று தேனிப் பேருந்தில் ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்து, ஒருமுறையாவது சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னோம் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். நீ போன பிறகும் அந்த நினைப்பு எனக்குத் துணையாக இருந்தது.

நீ போனது சித்திரையில். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் பேருந்தில் நின்றபடியே வந்தேன். இருதயம் என்றார்கள். நண்பகலில் கண்ணாடிப் பெட்டிக்குள் உன்னை வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "இப்பிடி வெளுத்துப் போனாகளே" என்று அழுதாள். வெளுப்பு இல்லை அது. டியூப் லைட்டின் வெளிச்சமும் இல்லை. பந்தலில் எனக்கு மட்டும்தான் அந்த நிறத்தின் பெயர் தெரிந்திருந்தது. இருதயத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஐந்தாவது. போன வாரம் தலைமை ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வகுப்பு காலியாகக் கிடக்கிறது, பிள்ளைகள் கேட்கிறார்கள், நீங்கள் வர முடியுமா என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நாளை வெள்ளிக்கிழமை. ஏலக்காய் வாங்கிவிட்டேன். உரலைக் கழுவி வைத்திருக்கிறேன். வெள்ளி உப்பை எடுத்துப் போகப் போவதில்லை.

---

மேலே உள்ளது வியாழக்கிழமை எழுதியது. இன்று ஞாயிறு. எழுதிய தாளைக் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லாததால் அதை அப்படியே விட்டுவிட்டுத் தொடர்கிறேன்.

வகுப்பு மோசமில்லை. ஏலக்காய் கை தவறி பெஞ்சுக்கு அடியில் உருண்டது. தேட நான்கு பேர் குனிந்தார்கள், தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். "சார், ரொம்பச் சின்னதா ஆயிருச்சு, கண்ணுக்கே தெரியல" என்று ஒருவன் சொன்னான். நன்றாகச் சிரித்தோம். அந்த ஒல்லிப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கைகழுவக் குழாயடிக்குப் போனேன். மதிய உணவுச் சமையல் செய்யும் அம்மாள் அங்கே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, புதுசா வந்த வாத்தியாரு நீங்கதானே? அவுக போனதுக்கப்பறம் தொட்டிக்கு மருந்து வைக்க ஆளில்லாமக் கெடக்கு. நீங்க வைக்கிறீகளா?"

"என்ன மருந்தும்மா?"

"அதான்யா, கட்டன் சாயா மாதிரி இருக்குமே. வாராவாரம் ஒரு பாட்டிலு. நான் ஏணியப் புடிப்பேன், அவுக ஏறி ஊத்துவாக. அந்த வயசுல ஏணி ஏறுறாகளேன்னு எனக்குத்தான் பகீர்னு இருக்கும்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. என் இரண்டு கையும் தண்ணீருக்குள் இருந்தன.

"எப்ப வரைக்கும் ஊத்தினாரு?"

"சாகுறதுக்கு மொத வாரம் வரைக்கும். அது ஊத்துன நாள்ல இருந்து ஒரு புள்ளைக்குப் பேதி இல்ல பாத்துக்கிருங்க. புண்ணியவான்." அவர் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "ஆனா ஒண்ணுய்யா. ஊத்திட்டு எறங்கயில ஒவ்வொரு தடவையும் சொல்லுவாக: 'ஆத்தா, இத யாருகிட்டயும் சொல்லிராத. அதுலயும் எங்க பயந்தாங்கொள்ளிப் பேராசிரியரு காதுக்கு மட்டும் போயிரக் கூடாது'ம்பாக. யாருய்யா அந்தப் பேராசிரியரு? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"ரொம்பப் பயந்தவரோ?"

"ஆமா."

தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேட்டேன். "அதக் கழுவுனா மருந்து போயிருமேன்னு அவுக கழுவ விடல. அப்பறமும் யாரும் கழுவல" என்றார்.

அந்த நேரம் மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். நீ பழக்கிவிட்ட பழக்கம். நான் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. நகங்களைப் பார்த்தேன். மருதாணி, பேனா மை, தோட்டத்து மண். அவற்றுக்கு அடியில் என்ன நிறம் என்று என் கண்ணால் சொல்ல முடியவில்லை. போகிற வழியில் சிலர் குழாயைத் திறந்து, குனிந்து, கையில் பிடித்துக் குடித்தார்கள். "குடிக்காதீங்க" என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. போய்க் குழாயை மூடிவிட்டு அதன்முன் நின்றுகொண்டேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிறகு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எண் போடவில்லை, முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. அவர் முகம் மாறியது.

"சார், அடுத்த வாரம் அவர் படம் திறக்கிறோம். ஊரே வருது. இப்பப் போய் இதைச் சொன்னா அவர் பேரு என்ன ஆகும்?"

"பிள்ளைக இன்னைக்கும் அந்தத் தண்ணியைத்தான் மேடம் குடிக்கிறாங்க."

"குடிச்சா என்ன ஆகும்?"

"தெரியாது."

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம். அளவு ரொம்பக் குறை…" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். கரும்பலகையில் நீ எழுதிய அந்த வரி கண்முன் வந்து நின்றது.

அவர் காவலாளியைக் கூப்பிட்டுத் தொட்டியின் வால்வை அடைக்கச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து கேன் தண்ணீர். அன்று காலையே பெற்றோர் கூட்டம். "நீங்கதான் சார் சொல்லணும். எனக்கு இதெல்லாம் சொல்ல வராது" என்றார். காவலாளி தொட்டியை உடனே கழுவிவிடட்டுமா என்று கேட்டார். கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்றேன். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து வாய்க்காலுக்கு என்றார். அதையும் நிறுத்தச் சொன்னேன்.

இரண்டு நாளாக உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பேதி நின்றது உன் வெள்ளியால்தான் என்றால், அந்தப் பெண் வெள்ளிக்கிழமை ஜன்னலில் எட்டிப் பார்த்ததற்கு நீதான் காரணம். நான் அடைக்க வைத்தது அவளைக் காத்த தண்ணீரைத்தான். மழை விட்டதால் தானாகவே நின்றது என்றால், நீ ஏணியில் ஏறி ஊற்றியது எதற்கும் பயன்படாமல் அந்தச் சிறு உடம்புகளுக்குள் போயிருக்கிறது. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாமல்தான் ஊற்றினாய். தெரியாது என்பதை நான் சொன்னதும் நீ சொல்லாமல் விட்டதும்தான் நம் இருவருக்கும் உள்ள வித்தியாசம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

உன் பெயரைச் சொல்லாமல் அந்தக் கூட்டத்தில் பேச வழியுண்டா என்று நேற்று முழுக்கத் தேடினேன். இல்லை. யார் ஊற்றியது என்றுதான் முதல் கேள்வி வரும். சமையல் அம்மாளைக் கைகாட்டிவிட நான் விடமாட்டேன்.

தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில் என் பைக்குள் இருக்கிறது. நிறமில்லை, வாடையில்லை. கூட்டம் முடிந்ததும் அதை மதுரைக்கு, என்னிடம் படித்த ஒருவர் வேலை செய்யும் பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போக வேண்டும். பிள்ளைகளையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லப் போகிறேன். கேள்வி கேட்பார்கள், திட்டுவார்கள், சிலர் என்னை அடிக்கக்கூட வரலாம். போகாமல் இருந்துவிடலாமா என்று காலையிலிருந்து பலமுறை நினைத்துவிட்டேன். சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன்.

இந்தத் தாளை மடிக்கும்முன் ஒரு திருத்தம். நான்காவது குறிப்பில், நான் சொன்னேன், நீ கேட்டாய் என்று எழுதியிருக்கிறேன். அதில் முதல் பாதி மட்டும்தான் சரி.